ஓட்டிவிட்ட இடங்கள்

சிந்து எழுதிய பதினொரு வாக்கியங்களின் மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தது அவளைப் பெற்ற உஷாராணிதான். வேறு யாரையும் சொல்லிக் குற்றமில்லை. ஜனவரி மாதம், சாயங்காலம் நாலே கால் மணி, ஆர்.கே.புரம் போகிற பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. மடியில் முப்பத்தெட்டுக் கட்டுரை நோட்டு. வெளிச்சம் போவதற்குள் பாதியையாவது திருத்திவிட வேண்டும் என்று கை ஓடிக்கொண்டிருந்தது. மகளின் நோட்டு இருபத்திரண்டாவதாக வந்தது. முதல் பக்கத்தில் சில்லறைப் பிழைகள். இரண்டாம் பக்கத்தில் அந்தப் பதினொரு வாக்கியங்கள். ஒரே இழுப்பாகக் கோடு. ஓரத்தில் 'வகுப்பில் காட்டாததை எழுதாதே. திரும்ப எழுது' என்று ஒரு வரி. அடுத்த நோட்டை எடுத்தாள்.

ஒளித்து வைத்துக் கடைசியில் காட்டுகிற சங்கதி எதுவும் இதில் இல்லை. சிந்து எழுதியது அவள் வீட்டில் நடந்தது. உஷாராணி அதைச் சினிமாவில் நடந்தது என்று நினைத்தாள். பதினான்கு வயதுப் பெண் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். கேட்க வேண்டியவள் கோடு போட்டு அனுப்பிவிட்டாள். போன வார்த்தையைத் திரும்ப வாங்க முடிந்ததா என்பதுதான் பாக்கி.

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். டில்லியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற இடம், அவ்வளவு போதும். அம்மாவிடம் தமிழ், தெருவில் இந்தி, பரீட்சையில் இங்கிலீஷ் என்று வளர்ந்த பிள்ளைகள். பேசச் சொன்னால் வாய் மூடாது. எழுதச் சொன்னால் நோட்ஸ் புத்தகத்தில் இருக்கிற 'என் வாழ்வின் இலட்சிய'த்தை அச்சுப் பிசகாமல் இறக்குவார்கள். ஒரு வருஷம் வகுப்பு முழுவதும் டாக்டராகப் போவதாக ஒரே பத்தியை எழுதிக் கொடுத்தது. உஷாராணிக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்கு அங்கே வேலை தற்காலிகம். தமிழ் எடுக்கிற பிள்ளைகள் குறைந்தால் அவளும் குறைவாள். எனவே சனிக்கிழமை கடைசி இரண்டு பீரியடில் தமிழ்ப் படம் போடுவது, திங்கட்கிழமை அதைப் பற்றிப் பேசுவது, புதன்கிழமை இரண்டு பக்கம் எழுதுவது என்று ஒரு ஏற்பாடு செய்தாள்.

பலன் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தகப்பன் செய்தது சரியா, மகள் ஏன் ஓடிப்போகவில்லை என்று வகுப்பில் கட்டிப்புரண்டு சண்டை போட்டார்கள். எழுத்துத் தப்பும் தவறுமாக இருந்தாலும் சொந்தமாக இருந்தது.

ஆனால் மூன்றாவது படத்தில் ஒரு மழைப்பாட்டு வந்தது. மயூர் விஹாரிலிருந்து ஒரு தகப்பனார் நேரே பிரின்சிபால் சந்திரமௌலியின் அறைக்கு வந்துவிட்டார்.

"மேடம், நீங்க படம் போடுங்கோ, வேண்டாங்கலை" என்றார் சந்திரமௌலி. "ஆனா இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்தா டிவி ரூம் சாவி என் மேஜைக்கு வந்துடணும். புரிஞ்சுதா?"

அன்றிலிருந்து உஷாராணி ஒரு முறை வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு பீரியட் ஒன்றுதான். நாற்பது நிமிஷம். அதற்குள் இரண்டரை மணி நேரப் படத்தை ரிமோட்டில் வேகமாக ஓட்டிப் பார்ப்பாள். ஆண் கை பெண் தோளில் பட்டாலோ, யாராவது குடித்தாலோ, எவனாவது கதவைச் சாத்தினாலோ, என்ன ஏது என்று நின்று பார்ப்பதில்லை. டிவி மூலையில் ஓடும் நேரக்கணக்கைச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வாள். சனிக்கிழமை அந்த இடம் வந்ததும் ரிமோட்டை நீட்டி ஓட்டிவிடுவாள். பிள்ளைகள் "ஓஓ" என்று ஊளையிடும். அந்த இடங்களில் என்ன இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

படங்களை அவள் எடுப்பது ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பச்சைமுத்துவின் கடையில். முன்னால் அப்பளம், வடகம், நல்லெண்ணெய், காப்பித்தூள். பின்னால் சுவர் முழுக்க விசிடி. சேலத்து ஆள். கடையில் ஒரு குட்டி டிவி வைத்துக் காலையிலிருந்து படம் பார்த்துக்கொண்டே பெருங்காயம் நிறுப்பான்.

"வெட்டுக்குத்து கூடாது. குடிக்கக் கூடாது. மழைப்பாட்டு கூடாது. சாதி பேரு வந்தா ஒரு வீட்டுல சண்டை, சாமியாரு வந்தா இன்னொரு வீட்டுல சண்டை" என்று அவள் அடுக்கியபோது அவன் சிரித்தான்.

"அப்ப மிச்சம் டைட்டிலும் வணக்கமுந்தான் மேடம்."

அப்படித் தேடி அவன் எடுத்துக் கொடுத்ததுதான் லாரி ஓட்டுகிறவன் மகள் நர்ஸ் படிக்கப் போகிற படம். இரண்டு இடம் குறித்தாள். ஒன்று கள்ளுக்கடை. இன்னொன்றுக்கு நேரே 'ஆள் கதவைச் சாத்துகிறான். ஓட்டவும்' என்று எழுதியிருந்தாள்.

வீட்டில் அப்போது விருந்தாளி. உஷாராணியின் கணவர் சதாசிவத்துக்கு மூத்த அக்காவின் புருஷன், ராஜாராமன். கண் ஆபரேஷனுக்காகச் சங்கரன்கோவிலிலிருந்து நவம்பரில் வந்தவர். ஆஸ்பத்திரியில் தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. சதாசிவத்துக்கு ஒன்பது வயதில் தகப்பன் போனதும் கூட்டிக்கொண்டுபோய்ச் சோறு போட்டுப் படிக்க வைத்த மனிதர். அவர் வந்து நின்றால் சதாசிவம் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். காலையில் ராஜாராமன் பனியோடு பனியாக மலை மந்திர் முருகன் கோயிலுக்கு நடந்து போய்த் திருநீறு பூசிக்கொண்டு வருவார். வரும்போது பால் வாங்கி வருவார். மத்தியானம் வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு இரண்டு கிலோ பட்டாணி உரித்துப் பாத்திரத்தில் மூடி வைப்பார். "ஆம்பிளை ஒருத்தர் இவ்வளவு ஒத்தாசை செஞ்சு நான் பாத்ததில்ல" என்று உஷாராணியே அடுத்த வீடுகளில் சொல்லியிருக்கிறாள். அவள் 'அண்ணாச்சி' என்பாள், சதாசிவம் 'அத்தான்' என்பார், சிந்து 'மாமா' என்பாள்.

டிசம்பர் கடைசியிலிருந்து பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ். வாரத்தில் மூன்று நாள் உஷாராணி வீடு திரும்ப ஐந்து மணி. கீழ் வகுப்பில் படிக்கிற சிந்து பள்ளிக்கூட பஸ்ஸில் இரண்டரைக்கே வந்துவிடுவாள். நடுவில் இரண்டரை மணி நேரம். அதில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. சிந்து எழுதிய அளவு போதும்.

'படத்தில் ஒரு மாமா வருகிறார். அவர் ரொம்ப நல்லவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். மாமா கதவைச் சாத்துகிறார். அடுத்த நாள் அந்தப் பெண் வீட்டுக்குள் போகாமல் வெளியே உட்கார்ந்து கொள்கிறாள். குளிருகிறது. ஆனாலும் உள்ளே போகவில்லை. அவளுக்குச் சொல்வதற்கு வார்த்தை தெரியவில்லை. அம்மாவுக்கு நிறைய வார்த்தை தெரியும். அம்மா கேட்பாள் என்று நினைக்கிறாள். அம்மா கேட்கவில்லை.'

இதைப் படித்துவிட்டு ஒரு தாய் எப்படிக் கோடு போட்டாள்? பஸ் குலுங்கியது, அது ஒன்று. மனசு முழுக்கச் சந்திரமௌலி இருந்தார், அது ஒன்று. 'கதவைச் சாத்துகிறார்' என்று படித்ததுமே அவள் ஓட்டிவிட்ட இடம் அதுதான் என்று தீர்மானமாகிவிட்டது. டீச்சர் மகளே வெளியில் எங்கேயோ அந்தக் கண்ராவியைப் பார்த்திருக்கிறாள், அதைக் கட்டுரையிலும் எழுதுகிறாள், நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? இதுதான் அவளுக்குத் தோன்றியது. கண் படித்தது, புத்தி படிக்கவில்லை.

மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டாள்.

"நான் ஓட்டி விட்டதை நீ எங்க பாத்த?"

சிந்து மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"உன் பிரெண்ட் ஸ்வேதா வீட்டுலயா? கேபிள்ல போட்டானா?"

சிந்து அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"என் மானத்த வாங்காத. காட்டுனத மட்டும் எழுதிட்டு வா. ஜல்தி."

திரும்ப எழுதினாள். லாரி, மகள், நர்ஸ் படிப்பு, பெண் கல்வியின் சிறப்பு எல்லாம் வந்தது. பிழையே இல்லை. உஷாராணி பத்துக்கு எட்டு போட்டு வகுப்பில் வாசித்தும் காட்டினாள்.

அதற்கடுத்த வாரம் கீழ் வீட்டு ருக்கு மாமி பால் பூத்தில் அவளைப் பிடித்தாள்.

"ஏண்டி உஷா, உன் பொண்ணு ஏன் எங்காத்து வாசப்படியில உக்காந்துண்டிருக்கா? நேத்திக்கு என்ன குளிரு! உதடெல்லாம் நீலமா போயிடுத்து. உள்ள வாடின்னா, இல்ல மாமி அம்மா வந்துடுவாங்கறா."

"நிசமாவா மாமி? வீட்டுல அண்ணாச்சி இருக்காவளே."

"அதான் நானும் கேக்கறேன்."

ருக்கு மாமி பால் பையை இடுக்கிக்கொண்டு ஒரு கணம் நின்றாள், போய்விட்டாள். உஷாராணி வீட்டுக்கு வந்து மகளைத்தான் ஏசினாள்.

"மாமா சோத்த எடுத்து வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்காவ. நீ நாதியத்தவ மாதிரி ஊரான் வாசல்ல போயி உக்காந்தா அவ்வொ என்ன நெனப்பாவ?"

முன்னறையில் ராஜாராமன் மென்மையாகச் சொன்னார், "ஏசாத தாயி. சின்னப்புள்ளதான."

சிந்து ரஜாய்ப் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. முள்ளங்கிச் சாம்பார் பிடிக்காது, அதுதான் என்று உஷாராணி நினைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம், அடுத்த படம் எடுக்க உஷாராணி மார்க்கெட்டுக்குப் போனாள். கடைக்குள் காப்பிக்கொட்டை வறுத்த வாசனை.

"பச்சைமுத்து, சுத்தமான படமா குடுங்க. போன தடவ குடுத்ததுல அந்த மாமன்காரன் சீன் இருந்துச்சே. நல்லவேள, நான் ஓட்டிட்டேன்."

"எந்தப் படம் மேடம்?"

"லாரிக்காரன் மக."

"அதுல ஏது மாமன்?" பச்சைமுத்து தராசை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "இருக்கற ஆம்பளையே ரெண்டு பேரு. அப்பன் ஒருத்தன், லாரிக் கிளீனர் ஒருத்தன். கிளீனரும் கெழவன். எங்க வீட்டுல வாரம் ஒரு தடவ ஓடுது மேடம் அந்தப் படம். பொம்பளைங்க அழுவறதுக்குன்னே போட்டுப் பாக்கறாங்க."

"கதவச் சாத்துவானே ஒருத்தன்?"

"அது அப்பன் மேடம்."

அவள் புதுப் படம் எடுக்கவில்லை. பழைய படத்தையே திரும்ப வாங்கிக்கொண்டாள். வேறு படத்தோடு குழப்பிக்கொண்டிருப்பான், ஆயிரம் படம் பார்க்கிறவன்தானே என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போனாள். அன்று வீட்டில் மகளைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள். ஏன் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை நாலாவது பீரியடிலிருந்து தலைவலி என்று சொல்லி வகுப்பை வேறு டீச்சரிடம் விட்டுவிட்டு, டிவி ரூமைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ரிமோட்டை எட்டாத தூரத்தில் மேஜைமேல் வைத்தாள். பாட்டு, அழுகை, கள்ளுக்கடை எதையும் விடாமல் பார்த்தாள். கள்ளுக்கடையில் இரண்டு பேர் சீட்டாடினார்கள், அவ்வளவுதான். கதவைச் சாத்துகிற இடம் என்று குறித்திருந்த நேரம் வந்தது. லாரிக்காரன் கதவைச் சாத்தினான். பரீட்சையில் தோற்றுவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்த மகளுக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தான். வெளியே ஊர்ப் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அவன் தட்டில் சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஒரு வாய் கொடுத்துத் தானும் ஒரு வாய் தின்றான். "யாரு என்ன சொன்னாலும் எங்கிட்ட சொல்லிடு பாப்பா" என்றான். அவள் அழுதாள், அவனும் அழுதான். படத்திலேயே நல்ல இடம் அதுதான். அதைத்தான் உஷாராணி முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டாமல் ஓட்டியிருந்தாள்.

படம் முடிந்தது. மாமா வரவில்லை.

அவள் அலமாரியைத் திறந்து சிந்துவின் நோட்டை எடுத்தாள். கோட்டுக்கு அடியில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கால் மரத்துப்போய்விட்டது. அப்புறம் மணியைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடினாள். பள்ளிக்கூட பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றிருந்தது. சிந்துவைக் கையைப் பிடித்து இறக்கினாள்.

ஆட்டோவில் சிந்து ஓரமாக ஒண்டி உட்கார்ந்தாள். குளிர்காற்று இரண்டு பக்கமும் வீசியது.

"சிந்து, மாமா உன்ன ஏதும்..." அதற்கு மேல் உஷாராணிக்கு வரவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவள். ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"நஹி. ஒண்ணும் இல்லம்மா."

"அம்மாகிட்ட சொல்லு கண்ணு. அம்மா ஏச மாட்டேன்."

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல? பஸ் கரோ, போதும்."

சதாசிவத்தின் ஆபீஸ் வீடு இருக்கிற ஆர்.கே.புரத்திலேயே. குளிர்காலத்தில் டில்லி சர்க்கார் ஆபீசின் சாப்பாட்டு இடைவேளை இரண்டு மணிக்கு முடிவதாகக் காகிதத்தில் இருக்கும். வெயில் அடித்தால் மூன்றுக்கு முன் எவரும் எழுந்திருப்பதில்லை. புல்தரையில் ஆண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். எங்கும் வேர்க்கடலைத் தோல். சதாசிவம் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"என்ன, ரெண்டு பேரும்? அத்தானுக்கு ஒண்ணுமில்லயே?"

சிந்துவுக்கு ஒரு பொட்டலம் கடலை வாங்கிக் கொடுத்துத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, உஷாராணி நோட்டை நீட்டினாள். அவர் தமிழ் படித்து நாளாயிற்று. உதடு அசைய நிறுத்தி நிறுத்திப் படித்தார். முகம் கறுத்தது.

"இது கட்டுரைதான?" என்றார்.

"படத்துல இல்ல. இப்பத்தான் முழுசும் பாத்துட்டு வாறேன். நம்ம வீட்டுல நடந்தத எழுதியிருக்கா."

"மெல்லப் பேசு. யாரச் சொல்லுதன்னு தெரிஞ்சுதான் பேசுதியா? அவ்வொ இல்லன்னா நான் மாடு மேச்சுக்கிட்டு இருந்திருப்பேன். அந்த மனுசனுக்கு அறுவத்திமூணு வயசு. கண்ணே தெரியல."

"கதவச் சாத்தத் தெரியுதுல்லா?"

அவர் நோட்டைத் திரும்பப் பார்த்தார். விரலை வைத்துக் காட்டினார்.

"இந்தக் கோடு யாரு போட்டது?"

"நான்தான்."

"எப்ப?"

"பத்து நாளாச்சு."

"அப்ப பெத்த தாயி நீயே இத நம்பல. தப்புன்னு அடிச்சிருக்க. திருப்பி எழுது வேற சொல்லியிருக்க. இப்ப வந்து என்னய நம்புங்குத. எங்க அக்காகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச?"

"அக்காவ விடுங்க. அங்க உக்காந்திருக்கே, அது மூஞ்சியப் பாருங்க."

சதாசிவம் கெட்டவர் இல்லை. மகள் என்றால் உயிர். அந்த நிமிஷம் அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு 'இல்லை'தான். அது கிடைக்கிற மாதிரிதான் அவர் கேட்டார்.

"சிந்து, இங்க வாம்மா. அப்பா ஒண்ணு கேக்கேன், பயப்படாம சொல்லணும். இதுல எழுதியிருக்கது படத்துல வந்ததுதான? அம்மா சும்மா போட்டுக் கொழப்பிக்கிடுதா."

சிந்து அப்பா கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். கையில் உரித்த கடலை நாலு இருந்தது, வாயில் போடவில்லை.

"ஆமாப்பா. படத்துல வந்துச்சு. அம்மா ஓட்டிட்டாங்க."

சதாசிவம் மூச்சு விட்டது பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்தவளுக்கே கேட்டிருக்கும். "கேட்டியா?" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது, முகம் சிரித்தது.

உஷாராணி மண்டியிட்டு மகளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "இல்ல சிந்து. நான் முழுசும் பாத்தேன். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தேன். அதுல அப்படி ஒண்ணும் இல்ல. அது படம் இல்ல, கண்ணு."

சிந்துவுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபமாவது இருந்திருக்கலாம். தெரிந்த விடையைச் சொல்வதுபோல நிதானமாகத்தான் சொன்னாள்.

"நீ எந்தப் படத்தம்மா முழுசாப் பாத்திருக்க?"

சீட்டாடுகிறவர்கள் சதாசிவத்தைக் கூப்பிட்டார்கள். அவர் நோட்டை மடித்து உஷாராணியின் பைக்குள் வைத்தார். அவளுக்கு ஆறுதல் சொல்கிறவர்போல முதுகில் தட்டினார்.

"வேணும்னா ஸ்பெஷல் கிளாஸ விட்டுரு. ஒடம்பப் பாத்துக்கோ. இப்ப ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. அத்தானுக்குக் காப்பி நேரம்."

அவர்கள் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுப் பக்கம் போகிற பஸ் ஒன்று வந்தது, உஷாராணி ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதையும் விட்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்று நினைத்தாள். டில்லிக்கு வந்து பதினாறு வருஷம். போய் நிற்க ஒரு வீடு ஞாபகத்துக்கு வரவில்லை. அவளே இனி எங்கும் நகராமல் வாசலில் காவல் கிடக்கலாம், கிடப்பாள். ஆனால் இந்தப் பிள்ளை இனிமேல் தன்னிடம் எதையும் சொல்லப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் சிந்துவின் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்து கிடந்தது. உதறவும் இல்லை, பற்றவும் இல்லை.

மூன்றாவது பஸ் வந்தது.

"ஏறும்மா, எவ்வளவு நேரந்தான் நிக்கறது" என்று சொல்லிவிட்டுச் சிந்து முன்னால் ஏறினாள்.